நான்காம் பக்கத்தில் நான் போட்ட குறி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் எழுதுவது எப்படி, மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லித்தர, மாணவர் பரிமாற்றத்தைக் கவனிக்கும் உங்களிடம் கையேடுகள் இருக்கின்றன. நீங்கள் என்னை எழுதச் சொன்னபோது அவற்றைப் புரட்டிப் பார்த்தேன். நான் சேர்க்க அதிகம் இல்லை. ஆகவே நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன். அதில் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கலாம். போகவில்லை என்பதால்தான் எழுத முடிகிறது.

எழுபதுகளின் பின்பாதியில் போடிநாயக்கனூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். சுவீடனில் இருந்த ஒரு சிறிய பல்கலைக்கழகம் எங்களோடு தொடர்பு வைத்திருந்தது. இத்தனை பெரிய உலகத்தில் போடியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த நாட்டுக்காரர்கள் ஏலக்காய் போட்ட ரொட்டியைக் காபியோடு விரும்பிச் சாப்பிடுகிறவர்கள். அந்த ஏலக்காய் மரநிழலில் எப்படி வளர்கிறது என்று பார்க்க அவர்களுடைய பேராசிரியர் ஒருவர் போடிமெட்டு ஏறி வந்தார். இறங்கும் வழியில் எங்கள் கல்லூரியில் டீ குடித்தார். அப்படித்தான் தொடங்கியது. ஆண்டுதோறும் அவர்களுடைய மாணவர் இருவர் மூன்று மாதம் நம் மலையில் தங்குவார்கள். நம் மாணவர் ஒருவர் அங்கே பத்து மாதம் படிப்பார். பொறுப்பாசிரியர் நான்.

முதல் ஆண்டு ஒரு மாணவனை அனுப்பினோம். இரண்டாம் ஆண்டு தேர்ந்தெடுத்த பையனை வீட்டார் கடைசி நேரத்தில் விடவில்லை; யாரும் போகவில்லை. அங்கிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆண்டும் ஒருவரும் வரவில்லையென்றால் இந்த ஏற்பாட்டைத் தொடர்வது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதே கடிதத்தின் கீழே, வசதிப்பட்டால் நானும் ஒருமுறை வந்து போகலாம் என்று ஒரு வரி இருந்தது. இந்த இரண்டாவது வரியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது என் மனத்தில் இருந்தது.

மூன்றாம் ஆண்டுக்கு முத்துப்பேச்சி கிடைத்தாள். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த கருப்பையாவின் மகள். பட்டையைத் தடவிப் பார்த்தே நிழல் மரங்களுக்குப் பெயர் சொல்வாள். சுவீடன் மாணவர்கள் மலைக்கு வரும்போதெல்லாம் அவள்தான் துணைக்குப் போவாள். தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசுவாள், ஆனால் கூச்சமில்லாமல் பேசுவாள். அவளையே அனுப்புங்கள் என்று அங்கிருந்தும் கேட்டிருந்தார்கள்.

விண்ணப்பப் படிவம் ஆறு பக்கம். நான்காம் பக்கம் உடல்நலம். நோய்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேரே உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். கீழே நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நிரப்ப அப்பாவும் மகளும் என் அறைக்கு வந்தார்கள். அறைக்கும் தட்டச்சர் இருந்த இடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுவோம் சார்" என்றார் கங்காணி. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவளுக்குச் சின்னதுல இருந்து அப்பப்ப வலிப்பு வரும். மாத்திரை சாப்பிட்டு ரெண்டு வருசமா ஒண்ணுமில்ல. லயத்து வீடுகள்ல ஈ காக்காய்க்குத் தெரியாது. எஸ்டேட்டுக் கம்பவுண்டர்கிட்ட வாங்கினாத் தெரிஞ்சுபோகும்னு நானே போடிக்கு எறங்கி வந்து மாத்திரை வாங்கிட்டுப் போறேன். அத இந்தக் காயிதத்துல எழுதணுமா சார்?"

"எழுதிரலாம் சார்" என்றாள் முத்துப்பேச்சி. "நான் அங்கன விழுந்தா பக்கத்துல இருக்கவங்களுக்கு என்னன்னு தெரிய வேண்டாமா?"

"நீ சும்மா இரு ஆத்தா. நாளப்பின்ன ஒன்னயக் கேட்டு நாலு பேரு வருவாக."

"வர்றவுக சுவீடனுக்குப் போயா இந்தக் காயிதத்தப் படிக்கப் போறாக?"

"டைப்பு அடிக்கிறவரு படிப்பாருல்ல?"

அவர் பயந்ததில் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் பெண் வீட்டுக்கு வரமாட்டார்கள். பஸ் நிறுத்தத்தில், மளிகைக் கடையில், பெண் படித்த இடத்தில் விசாரிப்பார்கள். என்னிடமே எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: தங்கமான பிள்ளை. குறை ஏதாவது தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு வார்த்தையில் கெடுக்கிற பாவம் நமக்கு எதற்கு என்பது அங்கே எழுதாத விதி. அந்தப் படிவத்தையும் நான் அப்படித்தான் படித்தேன். சுவீடன்காரர்கள் பெண்ணைக் கவனித்துக்கொள்வதற்காகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடுகிற மாப்பிள்ளை வீட்டாராகத்தான் தெரிந்தார்கள். இந்த ஆண்டும் ஆள் போகாவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா சொல்றதும் சரிதாம்மா" என்றேன். 'இல்லை' என்ற கட்டத்தில் மையால் குறி போட்டேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிவத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். சரியாக யோசித்தவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் அந்த நோய். மற்ற இருவரும் ஆண்கள், அவளைவிட மூத்தவர்கள், அவளுடைய நன்மைக்காகப் பேசுகிறவர்கள். உங்கள் மேசைக்கு முன்னால் எப்போதாவது இப்படி ஒரு நிலைமை வந்தால், யாருடைய உடம்போ அவர் பேசுகிறாரா, மற்றவர்கள் பேசுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

ஆகஸ்டில் அவள் போனாள். போடியில் அவளுக்கு மருத்துவம் பார்த்த பெண் மருத்துவர் ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, தீர்வதற்குள் அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டு என்று சொல்லி அனுப்பினார். கடிதங்கள் வந்தன. பனியைப் பற்றி, ஆய்வுக்கூடத்தைப் பற்றி, அங்கே நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுவதைப் பற்றி எழுதுவாள். முதல்வர் அவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். நான் பெருமையாக ஒட்டினேன்.

ஜனவரியில் ஒரு நாள் காலை முதல் வகுப்பு முடிந்து வருகிறேன், கங்காணி என் அறை வாசலில் நிற்கிறார். சட்டையில் இன்னும் மலைப் பனியின் ஈரம்.

"ஒரு சோலியா வந்தேன் சார்" என்று சொல்லி ஒரு வான்கடிதத்தை நீட்டினார்.

முத்துப்பேச்சி அவருக்கு எழுதியது. மாத்திரை தீரப்போகிறது. இங்கே மருத்துவரிடம் போனால் முதலில் படிவத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் இல்லை என்று இருக்கிறது. சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. அவரிடம் சொல்லி மாத்திரையைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை வரட்டும் என்று பாதி பாதியாகச் சாப்பிடுகிறேன்.

எழுதிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

நான் அப்போதும் ஒழுங்காக யோசிக்கவில்லை. மாத்திரை வாங்கிப் பார்சல் போட்டுவிடலாம், விஷயம் வெளியே போகாமல் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கங்காணியைக் கூட்டிக்கொண்டு அந்த மருத்துவரிடம் போனேன். அறைக்கு வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். கடிதத்தை நீட்டியதும் அவர் மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாதி பாதியாவா?" என்றார். "எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும். நீங்க மாத்திரை எழுதிக் கொடுத்தா இன்னிக்கே பார்சல் போட்டுருவேன்."

"பார்சல் போக எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வாரம். மூணும் ஆகலாம்."

"வலிப்பு உங்க பார்சலுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? இந்த மாத்திரைய திடீர்னு குறைச்சா, முன்னால வந்ததவிட மோசமா வரும். அடுத்தடுத்து வரும். அந்த ஊர்ல டாக்டர் இல்லையா?"

"இருக்காங்க. ஆனா படிவத்துல..." என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "நீங்க எம்.எஸ்ஸி. தானே?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு தாளில் மருந்தின் பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் எழுதினார். "தந்தி அடிங்க. உண்மைய எழுதுங்க."

"திருப்பி அனுப்பிருவாங்களேம்மா."

"அனுப்பட்டும். உயிரோட வருவாள்ல?"

வெளியே வந்ததும் கங்காணி நின்றார். "பயத்துல நான் கேட்டுட்டேன் சார். நான் மூணாப்புத்தான் படிச்சவன். நீங்க ஏன் சரின்னு சொன்னீக?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

தபால் நிலையத்துக்கு நடந்தோம். அன்றைக்கு ஏலக்காய் ஏல நாள். வியாபாரிகள் தந்தி கொடுக்க வரிசையில் நின்றார்கள். தந்திப் படிவத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இது: மாணவிக்கு வலிப்பு நோய் உண்டு. உடல்நலப் பக்கம் பொய். தவறு என்னுடையது, அவளுடையது அல்ல. மாத்திரை தீர்கிறது. இன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அதன் கீழே மருந்தின் பெயர்.

அங்கே இருந்த ஊழியரைப் போடியில் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டுக்கு என்ன தந்தி வந்தது என்று தந்தி போய்ச் சேருமுன் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் சொற்களை எண்ணிக்கொண்டே படித்தார். பென்சில் ஒரு இடத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இது அந்தச் சீமைக்குப் போன புள்ளையா? நம்ம மெட்டுக் கங்காணி மக?"

எனக்குப் பின்னால் நின்ற வியாபாரிகள் பேச்சை நிறுத்தினார்கள். இல்லை, வேறு யாரோ என்று சொல்ல என் வாய் திறந்துகூட விட்டது. கங்காணி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆமாண்ணே, எம் மகதான். அவளுக்கு வலிப்பு. வெரசா அடிங்க."

உரக்கத்தான் சொன்னார். வாசல்வரை கேட்டிருக்கும். ஆறு மாதமாக நாங்கள் இருவரும் கட்டிக் காத்தது அந்த ஒரு வரியில் முடிந்தது. அந்த ஊழியர் வேறொன்றும் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்து, "எல்லாரும் செத்த இருங்கப்பா, இது முதல்ல போகட்டும்" என்றார். மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாக என்னிடம் மூன்று முறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். நாங்கள் பயந்தது இந்த மனிதருக்குத்தான்.

கங்காணி மலைக்குத் திரும்பவில்லை. என் வீட்டில் தங்கினார்; சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். பகலில் கல்லூரி வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் முதல்வரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்து, பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் எழுதினேன். அவர் படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார். "முதல்ல புள்ள நல்லா இருக்கான்னு தெரியட்டும்யா. ஒம்ம ராஜினாமா எங்க ஓடிப்போகுது?" என்றார்.

மூன்றாம் நாள் நான் வகுப்பில் இருந்தபோது தந்திக்காரர் வந்தார். அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவுச் செய்திதான் என்று எல்லோர் மனத்திலும் பதிந்திருந்தது. மாணவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கங்காணி வராந்தாவிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உறையைக் கிழிக்க எனக்கு வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி வாங்கிக் கிழித்துக் கொடுத்தாள்.

மருத்துவர் பார்த்துவிட்டார். நலமாக இருக்கிறாள். மருந்து இங்கேயே கிடைக்கிறது. திருப்பி அனுப்பவில்லை. கடிதம் பின்னால் வருகிறது.

தமிழில் சொன்னேன். கங்காணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடி வாசிங்க சார்."

வாசித்தேன்.

"இப்ப இங்கிலீசுல இருக்கிறாப்புலயே வாசிங்க."

"உங்களுக்குப் புரியாதே அண்ணே."

"புரியாட்டிப் போகுது. அங்கன இருந்து அவுக என்ன சொன்னாகளோ அதக் கேக்கணும்."

ஆங்கிலத்தில் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினார். முடித்ததும் அழுதார். வகுப்பில் பாதிப் பேர் அழுதார்கள். பிறகு அவர்களே அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி டீ வாங்கிக் கொடுக்கக் கூட்டிப்போனார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்தேன் என்று இருந்திருப்பேன். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அங்கே என்னைப் போலப் பொறுப்பில் இருந்த ஒரு பெண்மணி எழுதியிருந்தார். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. 'நாங்கள் மறுத்துவிடுவோம் என்று நீங்கள் ஏன் நினைத்தீர்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. போன ஆண்டு உங்களிடம் வந்த எங்கள் மாணவி கரினுக்கும் இதே நோய்தான். அவளுடைய படிவத்தைப் பார்த்தும் நீங்கள் அவளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டீர்களே' என்று கேட்டிருந்தார்.

பீரோவைத் திறந்தேன். கரினின் படிவம் இருந்தது. முதல் பக்கத்தில் பெயரும் விமான நாளும் நான் அடிக்கோடிட்டிருந்தேன். நான்காம் பக்கம் போகவேயில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளியின் சீக்கைத் துருவிப் பார்ப்பது மரியாதையில்லை என்று நான் அந்தப் பக்கத்தை யாருடைய படிவத்திலும் படித்ததில்லை. வலிப்புக்கு நேரே 'உண்டு' என்று குறி. கீழே அவள் கையால் மூன்று வரி: விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். எழுந்திருக்கும்வரை யாராவது பக்கத்தில் இருங்கள்.

அந்தப் பெண்ணைத்தான் வளைவு வளைவான மலைப்பாதையில் ஜீப்பில் ஏற்றி, மருத்துவர் இல்லாத ஒரு தோட்டத்தில் மூன்று வாரம் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நம் பெண்ணுக்காக எழுத வேண்டியதை எழுதவில்லை; அவர்கள் பெண்ணுக்காக எழுதியதைப் படிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மரியாதைதான் காரணம்.

ஜூனில் முத்துப்பேச்சி ரயிலில் வந்து இறங்கினாள். கன்னம் சிவந்து, கொஞ்சம் பெருத்து, கை நிறையப் பைகளோடு. கங்காணியும் நானும் அவளை ஜீப்பில் மலைக்குக் கூட்டிப்போனோம். முன்னால் நாங்கள், பின்னால் தோட்டத்துக்கு ஏறும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒருவர் மடியில் ஒருவர். அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அந்த ஜீப்பில் தனி என்று ஏது? அப்படியே கேட்டுவிட்டேன். கரினின் படிவத்தைப் படிக்காமலே இருந்ததையும் சொன்னேன்.

"படிக்கலயா சார்?" என்று திரும்பினாள். "தனக்கு வலிப்பு உண்டுன்னு உங்களுக்குத் தெரியும்னு அவ சொன்னாளே. அவளுக்கு எழுதினதத் தெரிஞ்சுக்கிட்டே எனக்கு வேண்டாம்னு சொல்றீங்களேன்னு நெனச்சேன். சரி, நம்ம புள்ளைகளுக்கு வேற சட்டம் போலன்னு விட்டுட்டேன்."

"நல்லவேளை, அவளுக்கு இங்க ஒண்ணும் ஆகல" என்றேன்.

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்கு மூத்தவர், கழுத்தில் துண்டு போட்டவர்.

"ஆகலயா? அந்த வெள்ளக்காரப் புள்ள விழுந்துச்சே சார், ஓடப் பக்கத்துல. நாங்கதான் ஒருக்களிச்சுப் போட்டு உக்காந்திருந்தோம். நான் சாவிக்கொத்தக் கையில குடுக்கப் போனேன், இந்தப் பேச்சிதான் தட்டிவிட்டா. எந்திரிச்சு எல்லாருக்கும் முட்டாயி குடுத்துச்சு பாவம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க பயந்துக்கிடுவீக."

கங்காணி மெல்லத் திரும்பினார். "என்ன செய்யணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீக போங்க அண்ணே. ஒங்க மகள நாங்க எத்தன வாட்டி தூக்கியிருக்கோம்? மொதத் தடவ இவ களத்துல விழுந்தப்ப நீங்க அங்கிட்டு லோடு ஏத்திக்கிட்டு இருந்தீக."

கங்காணி தன் மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"அப்ப லயத்துல எல்லாருக்கும் தெரியுமா?"

"பொம்பளைக எல்லாருக்கும் தெரியும்."

"அடி பாவிகளா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? மாத்திரைக்குன்னு இத்தன வருசமாப் போடிக்கு எறங்கி எறங்கி ஏறுனேனே!"

"யாருக்கும் தெரியாதுன்னு நீங்க நிம்மதியா இருந்தீக அண்ணே" என்றார் அந்த அம்மாள். "அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."